முப்பத்தாறு பேரில் ஒருவர்

வகுப்பில் முப்பத்தாறு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் மனிதர் இல்லை என்று திங்கட்கிழமை காலை அறிவிப்பு வந்தது.

அறிவிப்பு வந்த இடம் 'திரள்'. பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கென்றே நடத்திவந்த சமூக வலைத்தளம் அது. பாடக் குறிப்பு போட்டுவைக்கும் இடமாகத்தான் தொடங்கினார்கள். இரண்டே வருடத்தில் வகுப்பறையில் பாதியை அது விழுங்கிவிட்டது. முதுகலைப் புள்ளியியலில் பாதிப் பேர் மதுரைக்கு வந்து விடுதியில் தங்கிப் படித்தார்கள். மீதிப் பேர் தேனி, சாத்தூர், பரமக்குடி என்று அவரவர் ஊரில் இருந்தபடியே திரளில் படித்தார்கள். பாடம் அங்கே, சந்தேகம் அங்கே, சண்டை அங்கே, அக்காவின் கல்யாணப் பத்திரிகையும் அங்கேதான். உடன் படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் தீர்த்துவைத்தால் அகமதிப்பீட்டில் மதிப்பெண் உண்டு என்பதால் எல்லோருக்கும் எல்லோர் மேலும் திடீர் அக்கறை பிறந்திருந்தது.

அறிவிப்பு சுருக்கமாக இருந்தது. இந்தப் பருவத்திலிருந்து திரளில் ஒவ்வொரு வகுப்புக் குழுவிலும் ஒரு நிழல் மாணவர் இருப்பார். அவர் ஒரு கணினி நிரல். அவருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, உங்களைப் போலவே சந்தேகம் கேட்பார், உங்களைப் போலவே தப்பும் செய்வார். அவர் யார் என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

புள்ளியியல் படிக்கிற பிள்ளைகளிடம் போய் ஒன்றைக் கண்டுபிடிக்காதே என்று சொன்னால் வேறென்ன செய்வார்கள்? அன்று மதியமே தொடங்கிவிட்டார்கள்.

அதற்கு முன் துறைத் தலைவர் ஹெலன் சுகிர்தா நேர்வகுப்பில் ஒரு விளக்கம் கொடுத்தார். ஐம்பது வயது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம். பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும்.

"நம்ம ஆளுங்க யாரும் சந்தேகம் கேக்க மாட்டாங்க. நானும் படிக்கிறப்பக் கேட்டதில்ல. கேட்டா மத்தவன் சிரிப்பான்னு பயம். அதனால முப்பது பேருக்கும் ஒரே இடத்துல புரியாது, முப்பது பேரும் தலையாட்டுவோம். நிழல் மாணவருக்கு அந்த வெக்கம் கிடையாது. அது கேக்கும். நீங்க பதில் சொல்வீங்க. சொல்லிக்கொடுக்கிறப்பதான் நமக்கே புரியும்."

கடைசி வரிசையிலிருந்து ஜாபர், அது பரீட்சையில் தேறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இளம்பரிதி மட்டும் சிரிக்கவில்லை. அவன்தான் வகுப்பில் முதல் மாணவன். அது அவனுக்கே தெரிந்திருப்பதுதான் அவனிடமுள்ள ஒரே குறை என்று அறைத்தோழன் ஜாபர் சொல்வான். பரிதியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். விரிவுரையாளர் தகுதித் தேர்வை முதல் தடவையிலேயே அடித்துத் தூக்க வேண்டும் என்ற வெறி. திரளில் யார் என்ன சந்தேகம் கேட்டாலும் முதல் பதில் அவனுடையதாக இருக்க வேண்டும். குளித்துக்கொண்டிருந்தாலும் கை துடைத்துவிட்டுப் பதில் போடுகிறவன். அப்படிப்பட்டவனுக்கு, தான் மெனக்கெட்டுப் பதில் சொன்னவர்களில் ஒன்று வெறும் நிரலாக இருக்கலாம் என்பது செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது.

எல்லா வகுப்புக்கும் இருப்பதுபோல் இவர்களுக்கும் இரண்டு குழு உண்டு. ஒன்று திரளில், அதிகாரபூர்வமானது. அங்கே 'வணக்கம் மேடம்', 'குறித்துக்கொண்டோம் மேடம்'. இன்னொன்று வேறொரு செயலியில், மேடம் இல்லாதது. உண்மை எல்லாம் அங்கேதான் பேசப்படும். பரிதி அந்த இரண்டாவது குழுவில் பந்தயத்தைத் தொடங்கிவைத்தான். பருவம் தொடங்கி வந்த எல்லாச் செய்திகளையும் திரளிலிருந்து இறக்கினான். யார், எந்தக் கிழமை, எந்த நேரம், எத்தனை சொல், எத்தனை பிழை. சுகிர்தா வகுப்பில் சொல்லித்தந்த சோதனைகள் அத்தனையையும் அதன்மேல் ஓட்டினான். அவர் கொடுத்த வீட்டுப்பாடத்துக்குக்கூட அவன் இத்தனை உழைத்ததில்லை.

முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. பெண்கள் பாதிப் பேர் ரோஜாப்பூவையும் மீதிப் பேர் யாரோ ஒரு குழந்தையையும் முகப்புப் படமாக வைத்திருந்தார்கள். பையன்களுக்கு நடிகர்கள். எழுத்தில்தான் பிடிபட்டது. வகுப்பே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் காற்புள்ளி, முற்றுப்புள்ளியோடு பாடநூல் தமிழில் எழுதினாள். 'நன்றி, இளம்பரிதி. இப்போது புரிந்தது.' எந்த மாணவி இப்படி எழுதுவாள்? பெயர் தமயந்தி, ஊர் திருப்புவனம், முகப்பில் ஒரு செம்பருத்தி.

நேரம் அதைவிட மோசம். தமயந்தி செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே வந்தாள். காலையில் ஒரே நேரத்தில் வருவாள், நான்கு மணி நேரம் இருப்பாள், சொல்லிவைத்தாற்போல் போய்விடுவாள். மற்ற நாட்களில் மூச்சுப்பேச்சு இல்லை. பிறந்தநாள் வாழ்த்துக்கும் பதில் இல்லை, கிண்டலுக்கும் பதில் இல்லை. மனிதர்கள் இப்படி வருவதில்லை, இயந்திரம்தான் வரும் என்று பரிதி எழுதினான். தொண்ணூற்றொன்பது சதவீதம் உறுதி என்று படம் வரைந்து போட்டான். இரண்டாவது குழுவில் கைதட்டல் பறந்தது. அவளுடைய எண் யாரிடமும் இல்லாததால் அந்தக் குழுவில் அவளை யாரும் சேர்த்திருக்கவில்லை. அதையும் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

"அப்ப மீதி ஒரு சதவீதம்?" என்று ஜாபர் அறையில் கேட்டான்.

"அதுக்குத்தான்டா அது ஒரு சதவீதம்" என்றான் பரிதி.

மறுநாளிலிருந்து தமயந்தியின் சந்தேகங்களுக்கு யாரும் பதில் போடவில்லை. மதிப்பெண் உண்டுதான், ஆனாலும் தொண்டைத் தண்ணி வற்ற நிரலுக்கா சொல்லிக்கொண்டிருப்பது என்ற ரோஷம். செவ்வாய்க்கிழமை அவள் மூன்று கேள்வி கேட்டாள். மூன்றும் அப்படியே கிடந்தன. யாரோ ஒருவன் அவற்றின் கீழே ஒரு பேட்டரி படத்தைப் போட்டான். எழுபது இதயக்குறிகள் விழுந்தன. வகுப்பில் அத்தனை பேர் இல்லை, சீனியர்களும் வந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பரிதிக்கு வேறொரு யோசனை வந்தது. தகுதித் தேர்வுக்குப் படித்ததை யாருக்காவது சொல்லிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். ஜாபரிடம் சொன்னால் தூங்கிவிடுவான். ஒரு நிரலிடம் சொன்னால் என்ன? அது அலுக்காது, முகம் சுளிக்காது, காபி வாங்கித்தரக் கேட்காது. தமயந்திக்குத் தனிச்செய்தி அனுப்பினான். அதுவரை 'நீங்கள்' என்று எழுதிவந்தவன் அன்றிலிருந்து 'நீ' என்று எழுதினான். இயந்திரத்துக்கு என்ன மரியாதை.

அவள் உடனே பதில் எழுதினாள். உதவ யாராவது இருப்பது ஆறுதலாக இருக்கிறது என்றாள். அந்தச் சொல்லை அவன் கவனித்தான். நன்றாக எழுதியிருக்கிறார்கள் நிரலை என்று நினைத்துக்கொண்டான்.

பருவம் முழுக்க அது நடந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் அவள் கேட்பாள், அவன் சொல்வான். நல்ல கேள்விகள். ஒரு மருந்து ஆயிரம் பேருக்குப் பலித்தது என்றால் ஆயிரத்தொன்றாவது ஆளுக்கு அதில் என்ன செய்தி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டாள். அவன் பதில் எழுதிவிட்டுப் பிறகு தானே அன்று முழுக்க அதை யோசித்துக்கொண்டிருந்தான். அவனுடைய பாடம் உண்மையிலேயே தேறியது. ஆனால் ஒரு தடவைகூட அவன் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? குளிர்சாதனப் பெட்டியிடம் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்பார்களா?

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை அவள், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சந்தேகம் கேட்கலாமா என்று எழுதினாள். கேள் என்றான்.

நீளமாக வந்தது அந்தச் செய்தி. தனக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. அம்மா ஒன்றைத் தருகிறேன் என்கிறார். பொருந்துகிறது. ஆனால் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் நிற்கிறது. வீட்டில் தம்பி இருக்கிறான், பதினெட்டு வயது, தானாகச் சாப்பிடத் தெரியாது. அம்மாவுக்கு ஏதாவது ஆனால் அவனைப் பார்க்க ஆளில்லை. வேண்டாம் என்று சொன்னால் அம்மா விடமாட்டார். தான் சிகிச்சைக்கு வருவதையே நிறுத்திவிட்டால் இந்தப் பேச்சே எழாது. முடிவெடுத்தல் கோட்பாட்டில் இதை எப்படிப் பார்ப்பது?

பரிதி எழுந்து அறைக்குள் இரண்டு நடை நடந்தான். அவனுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுவென்று இருந்தது. சுகிர்தா மேடம் நிரலை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார், இப்போது உணர்ச்சியை வைத்துச் சோதிக்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது. பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு அழுகிறார்களா என்று பார்க்கிற சோதனை. அதில் அவன் வழுக்கி விழப்போவதில்லை.

ஜாபர் அவன் தோளுக்கு மேல் எட்டிப் படித்தான்.

"ஆறுதலா ஏதாச்சும் சொல்லுடா மாப்ள."

"மெஷினுக்கா?"

"ஒண்ணு ரெண்டு வார்த்தைதான. காசா பணமா?"

பரிதி கேட்கவில்லை. மூன்று வரிசை, இரண்டு பத்தியாக ஓர் அட்டவணை போட்டான். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இழப்பு, ஒவ்வோர் இழப்புக்கும் ஒரு நிகழ்தகவு. எல்லாம் அவன் மனதுக்குத் தோன்றிய எண்கள். பெருக்கிக் கூட்டினான். மூன்று பேர் உள்ள குடும்பத்தில் மொத்த இழப்பு குறைவது நீ விலகிக்கொள்கிற வரிசையில்தான் என்று எழுதினான். கணக்கு அதைத்தான் சொல்கிறது என்று முடித்தான். எழுதி முடித்தபோது அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும். பரீட்சைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறவனின் திருப்தி.

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'நன்றி. எல்லோரும் அழுகிறார்கள், அல்லது கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். இவ்வளவு நேராக யாரும் எனக்குச் சொன்னதில்லை.'

அடுத்த செவ்வாய் தமயந்தி வரவில்லை.

பரிதி காலையிலிருந்து கைபேசியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். நிரலைப் பழுது பார்க்கிறார்கள் போல என்று ஜாபரிடம் சொன்னான். வெள்ளியும் வரவில்லை. செம்பருத்திப் பூவுக்குக் கீழே பச்சைப் புள்ளி எரியவே இல்லை. அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்தான். நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து, படிக்காமலே மூடிவிட்டு வந்தான். ஒரு நிரலுக்காக இப்படித் தவிப்பதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சனிக்கிழமை முழுக்கப் பொறுத்துப் பார்த்தான், ஞாயிறும் போனது. திங்கட்கிழமை துறைத் தலைவர் அறைக் கதவைத் தட்டினான்.

சுகிர்தா நல்ல மனநிலையில் இருந்தார். உட்காரச் சொன்னார். ஆய்வறிக்கையில் உங்கள் குழுவைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றார். எட்டுக் குழுவில் பதில்கள் அதிகம், மதிப்பெண் அதிகம், எல்லாம் உங்களுடையதுதான் என்றார்.

"மேடம், நிழலை நிறுத்திட்டீங்களா?" என்றான் பரிதி. "தமயந்தி ரெண்டு தடவையா வரல."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். "தமயந்தி நிழல்னு யார் சொன்னா?"

"கண்டுபிடிச்சிட்டோம் மேடம். தொண்ணூத்தொம்போது சதவீதம்."

"பரிதி, உங்க குழுவுல நிழலே கிடையாது."

அவனுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். பருவம் முடியப்போவதால் இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

"மருந்து சோதனைல பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை குடுப்போம்ல? அது மாதிரிதான். நாலு குழுவுல நிஜமாவே நிழல் இருந்துச்சு. நாலுல இருக்குன்னு சொன்னதோட சரி. நிழல் வேணுமா, இல்ல நிழல் இருக்குங்கற நெனப்பே போதுமான்னு பாக்கணும்ல. நீங்க ஒப்பீட்டுக் குழு. வகுப்புல நான் நடத்துன பாடம்தான?"

நடத்தியிருந்தார். அவனே அதில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கியிருந்தான். முப்பத்தாறு பேர் உட்கார்ந்து யார் நிழல், யார் நிழல் என்று அலசினார்களே தவிர, ஒருவேளை யாருமே இல்லையோ என்று ஒருவர்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

"அப்ப தமயந்தி?" என்றான். குரல் அவனுடையதுபோல இல்லை.

சுகிர்தாவின் முகம் மெல்ல மாறியது. கணினிப் பக்கம் திரும்பி எதையோ தேடினார். தேடிக்கொண்டே, வருகை விலக்குக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்த பெண் அவள் என்றார். வாரம் இரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு கையில் ஊசி போட்டு இயந்திரத்தோடு பிணைத்துவிடுவார்களாம். தட்டச்சு செய்ய வராது என்பதால், பேசினால் எழுத்துத் தமிழாக்கித் தருகிற வசதியைத் திரளில் அவளுக்காகத்தான் கேட்டு வாங்கினார்களாம். மற்ற நாட்களில் படுக்கைதான் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாராம்.

பரிதி கைபேசியை எடுத்து அந்த அட்டவணையைக் காட்டினான். ஒளிக்கத் தோன்றவில்லை. சுகிர்தா படித்தார். மறுபடி படித்தார். அவர் மேசைமேல் கிடந்த ஃபோனை அவசரமாக எடுத்தபோதுதான் பரிதிக்கு முழுதாக உறைத்தது. பதிவிலிருந்த அவள் அம்மாவின் எண்ணுக்கு அவர் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"நான் இதுக்கெல்லாம் அனுமதி வாங்கித்தான் செஞ்சேன்" என்றார் அவர், அவனைப் பார்க்காமல். பிறகு, "நீ கெளம்பு. நான் வீட்டைத் தேடிப் போறேன், நீ ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்.

ஜாபரின் பைக்கில் போனார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. காளவாசல் சிக்னலில் நின்றபோது பரிதி இறங்கி நடந்தே போய்விடலாமா என்றான். ஜாபர் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான். பரிதி மனதில் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை வராவிட்டால் என்ன நிகழ்தகவு, ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் என்ன. அந்தக் கணக்கு ஓடுவது அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் நிறுத்த வரவில்லை. பேட்டரி படத்துக்கு விழுந்த இதயக்குறிகள் நினைவுக்கு வந்தன. அதில் ஒன்று அவனுடையது.

மாடியில் டயாலிசிஸ் பிரிவின் கதவருகே ஒரு செவிலியர் நின்றிருந்தார். தமயந்தி என்ற பெயரைச் சொன்னதும் அவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க என்ன வேணும் அவளுக்கு?"

கூடப் படிக்கிறோம் என்றான் ஜாபர்.

"இப்பதான் வரத் தோணுச்சா? ரெண்டு தடவை வராம வீட்லயே கெடந்திருக்கு. வலிக்கலம்மா, நல்லா இருக்கேன்னு அவங்கம்மாகிட்டப் பொய் சொல்லியிருக்கு. நேத்து மூச்சு முட்டித் தூக்கிட்டு வந்தாங்க. கொஞ்சம் தாமதமாயிருந்தா அவ்வளவுதான். நேத்து ஒரு தடவை ஓட்டியாச்சு. இப்ப மறுபடி ஓடுது. ஒருத்தர் மட்டும் போங்க. அதிக நேரம் பேசக் கூடாது."

பரிதி சுவரைப் பிடித்துக்கொண்டான். உயிரோடு இருக்கிறாள் என்பதை அவன் உடம்பு முதலில் கேட்டுக்கொண்டது, மனம் பிறகுதான் கேட்டது. கண் கலங்கியதை ஜாபர் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நடைக்கூடத்து பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் கைபேசி மணி அடித்து அடித்து ஓய்ந்துபோய்க் கிடந்தது. அவர் தோளில் சாய்ந்தபடி பெரிய பையன் ஒருவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் என்று பரிதிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் போட்ட அட்டவணையில் இருவருக்கும் ஒவ்வொரு கட்டம் கொடுத்திருந்தான்.

உள்ளே வரிசையாகக் கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், கன்னம் வீங்கி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. இடது கையிலிருந்து இரண்டு சிவப்புக் குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின. பக்கத்து ஸ்டூலில் அவளுடைய துணிப்பை இருந்தது.

"தமயந்தி" என்றான். "நான் இளம்பரிதி."

அவள் நிதானமாகத் தலையைத் திருப்பினாள். அவன் முகத்தை, சட்டையை, செருப்பை எல்லாம் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நெசமாவா?" என்றாள். "நீங்க மெஷின்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவன் இன்னொரு அடி கட்டிலருகே வந்தான்.

"எனக்கும் அந்த அறிவிப்பு வந்துச்சுல்ல. நானும் புள்ளியியல்தான படிக்கிறேன்" என்றாள். மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "எப்பக் கேட்டாலும் அடுத்த நொடி பதில் வரும். ஒரு நாள்கூட எப்படி இருக்கீங்கன்னு கேட்டதில்ல. முதல்ல நீங்க வாங்கன்னு எழுதுனவர் திடுதிப்புன்னு நீ போட ஆரம்பிச்சாரு. ஒண்ணு இது காதலா இருக்கணும், இல்ல மெஷினா இருக்கணும். காதல் மாதிரித் தெரியல."

சிரிக்க முயன்று இருமினாள். இருமல் அடங்கும்வரை அவன் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நாங்க உங்களை மெஷின்னு நெனச்சோம்" என்றான். "நான்தான் சொன்னேன். எல்லாரையும் நம்ப வச்சதும் நான்தான். அந்தக் கணக்கு... அதெல்லாம் பொய் எண்ணுங்க. நானாப் போட்டது. என்னை மன்னிச்சிருங்க."

அவள் கூரையைப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மெஷின்னு நெனச்சதாலதான் உங்ககிட்டக் கேட்டேன்" என்றாள். "மனுசங்ககிட்ட இதைக் கேக்க முடியாதுங்க. கேட்டா அழுவாங்க. அப்பறம் நான் அவங்களுக்கு ஆறுதல் சொல்லணும். மெஷின் மட்டுந்தான் அழாமப் பதில் சொல்லும்னு நெனச்சேன். சொல்லவும் சொன்னுச்சு. சரின்னு கேட்டுக்கிட்டேன்."

இயந்திரம் விட்டுவிட்டுக் கூவியது. செவிலியர் வந்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, பரிதியைப் பார்த்து முறைத்துவிட்டுப் போனார்.

தமயந்தி இப்போது அவனை நேராகப் பார்த்தாள். வீங்கிய கண்ணிலும் அந்தப் பார்வை கூர்மையாக இருந்தது. பருவம் முழுக்க அவனைக் கேள்வி கேட்டவள் இவள்தான் என்பது அப்போதுதான் அவன் மனதில் பதிந்தது.

"இப்ப ஆளா வந்திருக்கீங்கல்ல. திரும்பக் கேக்கறேன். எங்கம்மா கிட்னியை நான் வாங்கிக்கவா, வேணாமா?"

பரிதி வாயைத் திறந்தான். வரிசையும் பத்தியும் தாமாகவே வந்து நின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு வேறெதையாவது தேடினான். வெளியே பெஞ்சில் தூங்கிய அம்மாள், அவர் தோளில் சாய்ந்த பையன், இந்தக் குழாய்கள். வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. அதைச் சொல்ல அவனுக்கு என்ன தெரியும்? வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னதற்குத்தான் அவள் இங்கே இப்படிக் கிடக்கிறாள். கன்னத்தில் வழிந்ததை அவன் துடைக்கவில்லை.

"தெரியலைங்க" என்றான். "எனக்குத் தெரியல."

அவள் வலது கையை நீட்டி ஸ்டூலில் இருந்த துணிப்பையை எடுத்துக் கால்மாட்டில் வைத்தாள்.

"உக்காருங்க" என்றாள். "இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடும்."